கெமரா அங்கே, கண் இங்கே

பள்ளிவாசல் நிருவாகசபைச் செயலாளர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதம் இம்மாதம் இப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. அவரது ஊரில் பள்ளிவாசல் பிரதான வீதியில் இருக்கிறது. பெண்கள் மத்ரஸாவோ வயல்வெளிக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில். மையவாடியும் அந்தப் பக்கந்தான். மூன்று இடங்களிலும் பாதுகாப்புக் கெமரா பொருத்தி, எல்லாவற்றையும் பள்ளிவாசல் காரியாலயத்திலிருந்தே பார்க்க நிருவாகம் விரும்புகிறது. கேபிள் இழுக்க ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டு எல்லோரும் வாயடைத்துப் போனார்களாம். "கம்பியில்லாமல் இதைச் செய்ய முடியுமா? செய்வது மார்க்கத்தில் ஆகுமா?" இவை அவரது இரண்டு கேள்விகள். முதலாவதைக் கேட்டவர்கள் பலர். இரண்டாவதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அதற்காகவே இவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் முடியுமா என்பதைப் பார்ப்போம். இக்காலக் கெமராக்களுக்கு நாம் இழுக்கும் சாதாரண வலையமைப்புக் கேபிள் 100 மீற்றருக்குத்தான் உத்தரவாதமானது. அதற்கு மேல் இடையிடையே பெட்டி வைத்து, அந்தப் பெட்டிக்கு மின்சாரமும் கொடுக்க வேண்டும். வயல் நடுவே மின்சாரத்துக்கு எங்கே போவது? கண்ணாடி இழைக் கேபிள் போட்டால் பல கிலோமீற்றர் போகும், மின்னலும் அதைத் தொடாது. பணமும், தூண் நாட்ட அனுமதியும் இருந்தால் அதுவே சிறந்த வழி என்பது என் கருத்து. ஆனால் இடையிலுள்ள காணி பிறருடையது, வீதியோ அரசாங்கத்துடையது என்றால் காற்றில்தான் அனுப்ப வேண்டும்.

காற்றில் அனுப்புவது என்றதும் நம்மவர்கள் வீட்டில் வைத்திருக்கும் வைஃபை ரவுட்டரை நினைக்கிறார்கள். அது நாற்புறமும் வெளிச்சம் பரப்பும் குப்பி லாம்பு போன்றது. வீட்டுக்குள் போதும், இரண்டு சுவர் தாண்டினாலே மங்கிவிடும். தூரம் இரு மடங்கானால் போய்ச்சேரும் சக்தி நான்கில் ஒன்றாகிவிடும் என்பது அலைகளுக்கு அல்லாஹ் வைத்த விதி. தூரத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அதே வெளிச்சத்தை டோர்ச் லைட் போல் ஒரே திசையில் குவிக்க வேண்டும். அதற்கென்றே இரண்டு இரண்டாக விற்கும் அன்டனாக்கள் கடைகளில் கிடைக்கின்றன. பாலம் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. ஒன்றை மத்ரஸா மாடியில் பள்ளிவாசலைப் பார்த்து வைப்பது, மற்றதைப் பள்ளிவாசலில் மத்ரஸாவைப் பார்த்து வைப்பது. மத்ரஸாக் கெமராக்கள் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்து, அங்கிருந்து அன்டனாவுக்குப் போகும். மறுமுனையில் அவை பக்கத்து அறையிலிருந்து வருவது போலவே வந்து இறங்கும். ஒரு கிலோமீற்றர் என்பது இக்கருவிகளுக்குச் சிறு தூரம். தட்டு வடிவ அன்டனா வைத்தால் பத்துப் பதினைந்து கிலோமீற்றரும் போகும்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதை இருட்டறைத் துவாரத்தின் மூலம் பரிசோதித்து எழுதியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் அவர்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் 'கிதாபுல் மனாழிர்' என்ற அவரது நூல் பார்வைக் கலையையே மாற்றியது. (இடையில் ஒரு சொல். 'கெமரா' என்பதே அறபுச் சொல் என்று நம் மேடைகளில் பெருமையோடு சொல்கிறார்கள். அது சரியல்ல. அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. சிங்களத்தில் அறையைக் 'காமரய' என்கிறார்களே, போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற அச்சொல்லுக்கும் அதே வேர்தான். இப்னுல் ஹைதமின் பெருமைக்கு இல்லாத சான்று தேவையில்லை.)

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. வானொலி அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்பிய, நீண்ட வெள்ளரிக்காய் போன்ற ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பிரெனெல் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் அந்த இடத்தை அழைக்கிறார்கள். வெளிச்சவீட்டு விளக்குகளின் கண்ணாடிக்கு அவ்வடிவம் கொடுத்தவரும் அவரே. 5.8 கிகாஹேர்ட்ஸில் ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு நடுப்பகுதியில் இந்த வெள்ளரிக்காயின் ஆரை ஏறத்தாழ மூன்றரை மீற்றர். 5 கிலோமீற்றர் என்றால் எட்டு மீற்றர். இதில் ஐந்தில் மூன்று பங்காவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது இத்துறையாளர் கணக்கு. அதாவது, தென்னோலைக்கு மேலாக மினாரா தெரிகிறது என்று சந்தோஷப்பட்டால் போதாது. ஓலைக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் இரண்டு மீற்றருக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு எதிரி தென்னையும் மாமரமுந்தான். ஈர இலை இந்த அலையைக் குடித்துவிடும். வெயில் காலத்தில் பொருத்திக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார். மாரி தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடையும். மழைதான் காரணம் என்று எல்லோரும் மழையைக் குறை சொல்வார்கள். மழைத்துளி 5 கிகாஹேர்ட்ஸ் அலையை இச்சிறு தூரத்தில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நனைந்த மரந்தான் செய்கிறது. இளந்தென்னை ஆண்டுக்காண்டு உயரும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று தாண்டியது இன்னும் மூன்று வருடத்தில் மறைக்கும். மழைக்கு உண்மையிலேயே அஞ்சுவது 60 கிகாஹேர்ட்ஸ் கருவி. அது சில நூறு மீற்றருக்கு மிக வேகமானது, பெருமழையில் தளரும். ஐந்து மில்லிமீற்றர் அளவான அந்த அலைகளைக் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890களிலேயே உண்டாக்கிக் காட்டியிருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து அது நமது கூரைக்கு வருகிறது.

அக்குறணை, மாவனல்லை போன்ற மலைப்பாங்கான இடங்களில் ஒரு கட்டடத்திலிருந்து மற்றது தெரியாது. அங்கே இரண்டையும் பார்க்கக்கூடிய மேட்டில் ஒரு வீட்டாரின் சம்மதத்தோடு நடுவில் ஒரு சோடி வைக்க வேண்டும். புத்தளம், மட்டக்களப்புப் போன்ற களப்போரங்களில் வேறு தொல்லை. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை நேராக வரும் அலையோடு மோதி அதைக் கெடுக்கும். அன்டனாவின் உயரத்தைச் சற்றுக் கூட்டிக் குறைத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும்.

திசை சரியாக இருக்கிறதா என்பதைக் கருவியே எண்ணால் சொல்லும். வந்துசேரும் சக்தி கழித்தல் 50க்கும் 65க்கும் இடையில் இருந்தால் நல்லது. கழித்தல் 75ஐத் தாண்டினால் இன்று ஓடும், நாளை நிற்கும். பொருத்துபவர் கிளம்புமுன் அந்த எண்ணைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு கெட்டுப்போனால் எவ்வளவு கெட்டது என்று தெரியும். ஆடும் தகரக் குழாயில் அன்டனாவைக் கட்டாதீர்கள். குவிந்த கதிர் காற்றுக்கு ஆடினால் மறுமுனையைத் தவறவிடும்.

இனிக் கணக்கு. தெளிவான படம் தரும் 2 மெகாபிக்ஸல் கெமரா ஒன்று, பழைய எச்.264 முறையில் செக்கனுக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் அனுப்பும். எட்டுக் கெமரா என்றால் 32 மெகாபிட். பெட்டியில் 300 என்று அச்சடித்திருந்தால் நடைமுறையில் அதில் பாதியே கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் போதும். சிக்கல் பாலத்தில் அல்ல, சேமிப்பில்தான். செக்கனுக்கு 4 மெகாபிட் என்பது ஒரு நாளைக்கு 43 கிகாபைட். எட்டுக் கெமராவுக்கு 345. கடைக்காரர் தரும் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஆறு நாளைக்கும் போதாது. ஏழாம் நாள் களவைத் தேடினால் முதல் நாள் அழிந்திருக்கும். எச்.265 முறையில் பதிந்தால் ஏறத்தாழ இரு மடங்கு நாள் தாங்கும். வாங்கும்போதே எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள்.

மின்சாரத்தை இரு முனையிலும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தவர்கள் நாம். ஒரு முனையில் கரண்ட் போனாலும் பாலம் அறுந்துவிடும். கள்வனுக்கும் அது தெரியும். நல்லவேளையாக இந்த அன்டனாக்கள் எட்டுப் பத்து வோட் அளவே எடுப்பவை. சிறிய 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று அன்டனாவை மட்டும் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். கெமராக்களுக்கும் சேர்த்தென்றால் பெரிய பற்றரி வேண்டும். இன்னொன்று, அன்டனாவுக்குக் கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டிகளில் 24 வோல்ட்டும் உண்டு, 48 வோல்ட்டும் உண்டு. மாற்றிச் செருகினால் கருவி கருகக்கூடும். கூரை உச்சியில் இரும்புக் குழாய் நாட்டினால் அதற்குப் பூமித் தொடர்பு கொடுத்து, இடி தாங்கும் தடுப்பானும் போட வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாத இடியில் எத்தனை ரவுட்டர்கள் போகின்றன என்பது நமக்குத் தெரியும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று செருகிகளை அரித்துவிடும். இறப்பர் நாடா சுற்றி மூடாவிட்டால் பச்சை பூத்துவிடும்.

அலைவரிசையும் அமானத்துத்தான். அது நமது தனிச் சொத்தல்ல. 5 கிகாஹேர்ட்ஸின் சில பகுதிகளில் வானிலை ராடார்களும் இயங்குகின்றன. அதனால் ராடாரைக் கேட்டதும் விலகிவிடும் ஏற்பாடு இக்கருவிகளில் உண்டு. நாட்டின் பெயரை வேறாகப் போட்டுச் சக்தியைக் கூட்டிக் கொடுக்கும் பொருத்துநர்கள் இருக்கிறார்கள். அது பிறர் உரிமையில் கை வைப்பது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அங்கீகரித்த கருவியா என்று கேட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்னது கருவி. இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்குள் இருந்த காட்சி, காற்றில் ஏறியதும் வீட்டைவிட்டு வெளியே போகிறது. முன்பு மலிவாக விற்ற 2.4 கிகாஹேர்ட்ஸ் வீடியோ அனுப்பிகளில் பூட்டே கிடையாது. அதே மாதிரிப் பெட்டியொன்றை வாங்கி வீதியில் நின்றால் உங்கள் வீட்டு முற்றம் அவன் கையில் தெரியும். இன்றைய பாலங்களில் பூட்டு உண்டு. ஆனால் சாவி தொழிற்சாலை போட்டதாகவே இருந்தால் பூட்டி என்ன பயன்? 2016இல் 'மிராய்' என்ற நச்சு நிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் பல இலட்சம் கெமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அந்த வருடம் ஒக்டோபர் 21ஆம் திகதி அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களே பல மணி நேரம் பலருக்குக் கிடைக்காமல் போயின. 2021 மார்ச்சில் அமெரிக்கக் கெமராக் கம்பனியான வெர்காடாவின் ஒரே ஒரு கணக்கின் வழியாக ஏறத்தாழ 150,000 கெமராக்களைப் பிறர் பார்த்தார்கள். வைத்தியசாலைகள், பாடசாலைகள், சிறைகள் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே பாலத்துக்கு ஒரு கடவுச்சொல், பதிவுப் பெட்டிக்கு வேறொன்று, ஒவ்வொரு கெமராவுக்கும் வேறொன்று. பொருத்தியவர் போனபிறகு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அவரை நம்பாததால் அல்ல, அவரை அபவாதத்திலிருந்து காப்பதற்காக. பள்ளிவாசலிலேயே பார்ப்பதானால் இன்டர்நெட்டில் இணைக்கவே தேவையில்லை. இணைக்காததை அமெரிக்காவிலிருந்து யாரும் திறக்க முடியாது.

பதிவுப் பெட்டியை எங்கே வைப்பது? இதில்தான் தூரத்துக்கு அனுப்புவதன் உண்மையான பயனே இருக்கிறது. கள்வன் கெமராவைத் தேடுவதில்லை, பெட்டியைத் தேடித் தூக்கிக்கொண்டு போகிறான். 2018 மார்ச் திகனைக் கலவரத்தின்போது பள்ளிவாசல் கெமராப் பதிவுகள் பிற்பாடு சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் வரை சென்று பேசின. பதிவு எஞ்சியதால்தான் அவை பேசின. எரிந்த கட்டடத்துக்குள்ளேயே பெட்டியும் எரிந்திருந்தால்? மற்றொரு கட்டடத்தில் பதிவு இருப்பது ஊருக்கு ஒரு சாட்சி இருப்பது போல.

சாட்சி வெளியாருக்கு எதிராக மட்டுமல்ல. இதை நம்மவர் சிலர் விரும்பமாட்டார்கள். ஆனாலும் மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2023 டிசம்பரில் கிழக்கு மாகாண மத்ரஸா ஒன்றில் சிறு மாணவர் ஒருவர் மரணமானார். அதைத் தொடர்ந்து கெமராப் பதிவுகள் அழிக்கப்பட்டமை தொடர்பாகவும் கைதுகள் நடந்தன. வழக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையை நம்மிடம் ஒப்படைத்த ஒரு உம்மா, அன்று முதல் எந்த மத்ரஸாவின் கெமராவைப் பார்த்தாலும் என்ன நினைப்பார்? யாரைக் கண்காணிக்கக் கெமரா வைக்கிறோமோ அவர் கையிலேயே அழிக்கும் சாவியும் இருந்தால் அது கண்காணிப்பல்ல, அலங்காரம். மத்ரஸாவின் பதிவு பள்ளிவாசலில் இருக்கட்டும். அதன் சாவி அதிபரிடமோ என்னைப் போன்ற உஸ்தாத்மாரிடமோ வேண்டாம். நிருவாகத்தில் இருவர், பெற்றோரில் ஒருவர், மூவரும் சேர்ந்தாலன்றித் திறக்கக் கூடாது என்று எழுதி வையுங்கள்.

இனி ஆகுமா என்ற கேள்வி. பொருளையும் உயிரையும் காப்பது மார்க்கம் ஏவியது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வையுங்கள் என்ற ஹதீஸை எல்லோரும் அறிவோம். ஆனால் சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் பிறரின் மறைவுகளைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் வழியே எட்டிப் பார்த்தவரை அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அனுமதி கேட்கும் சட்டமே பார்வைக்காகத்தான் வந்தது என்பதை அவர்கள் அதில் விளக்கினார்கள். கெமரா என்பது சுவரில் போட்ட துவாரந்தான். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து எட்டிப் பார்ப்பவனை யாரும் காண்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

நமது முன்னோர் இதை அயல் வீட்டு ஜன்னல் விஷயத்தில் அலசியிருக்கிறார்கள். உஸ்மானிய ஆட்சியில் தொகுத்த 'மஜல்லா' சட்ட நூலின் 1202ஆம் பிரிவு, பெண்கள் நடமாடும் சமையலறை, கிணற்றடி, முற்றம் ஆகியவை தெரியும்படி ஜன்னல் திறப்பதைப் பெருந்தீங்காகக் கொள்கிறது. அந்தத் தீங்கை நீக்கும்படி கட்டளையிடவும் இடமளிக்கிறது. ஜன்னலையே மூட வேண்டியதில்லை, பார்வையை மறைத்தாலும் போதும். இன்றைய கெமராக்களில் அயல் வீட்டுப் பக்கத்தைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை அது. யாரும் செய்வதில்லை.

எனவே பெண்கள் மத்ரஸா பற்றி என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். கேற், மதில், வெளிப் படிக்கட்டு, அலுமாரி வைத்த காரியாலயம் இவற்றில் கெமரா இருக்கலாம். தூங்கும் அறை, ஹவுழ், கழிப்பறைக்குப் போகும் பாதை, பிள்ளைகள் முந்தானையைத் தளர்த்தி உட்காரும் வகுப்பு இவற்றில் கூடாது. எந்தப் பெரியவரின் ஆணையானாலும் கூடாது. உள்முற்றத்துக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால் அந்தக் காட்சி பள்ளிவாசலுக்கு வரக் கூடாது. மத்ரஸாவிலுள்ள ஆலிமாவின் அறையோடு நிற்க வேண்டும். பாலத்தில் எந்தக் கெமரா ஏறுவது, எது ஏறாதது என்று பிரித்து வைக்கக் கருவியிலேயே முடியும். ஒலிவாங்கியை எல்லாவற்றிலும் அணைத்துவிடுங்கள். கெமரா இருக்கிறது என்று அறிவிப்புப் பலகை மாட்டுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. அதன் நோக்கமும் நாம் சொல்வதற்கு விலகியதல்ல.

பதிவானதை என்ன செய்கிறோம் என்பதும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் உண்டியலில் கை வைத்த பையன் ஒருவனின் காட்சி அஸருக்குப் பதிவாகி, மஃரிபுக்குள் ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றியது. எடுத்தது சில நூறு ரூபாய். வாப்பா மரணித்த வீடு, இரண்டு ராத்தாமார் கல்யாணப் பேச்சில் இருந்தவர்கள். பணத்தை அவனது மாமா அன்றிரவே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வீடியோவைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியவில்லை. பையன் இன்று அந்த ஊரிலேயே இல்லை. குற்றமென்றால் பொலிஸுக்கோ, பெற்றோருக்கோ, நிருவாகத்துக்கோ காட்டலாம். முஸ்லிமின் குறையை மறைப்பவருக்கு வாக்களிக்கப்பட்டிருப்பது என்ன என்று ஜும்ஆவில் பேசும் நாம், திரையைக் கைத்தொலைபேசியால் படம் பிடிக்க அனுமதிக்கலாமா?

செயலாளர் சகோதரருக்கு: எதையும் வாங்குவதற்கு முன் ஒருவரை மத்ரஸா மாடியில் கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பள்ளிவாசல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மினாராவில் நிற்பவருக்கு அந்த மின்னல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் கடிதத்தோடு வந்த படத்தில் வயலின் நடுவே நான்கு தென்னைகள் தெரிகின்றன. அவை யாருடையவை என்று நீங்கள் எழுதவில்லை. வெட்டச் சொல்லிக் கேட்காமல், உங்கள் அன்டனாவை மூன்று மீற்றர் உயர்த்துங்கள். குழாய்க்கு ஆகும் செலவு அயலவரின் மனதைவிட மலிவு. சாவி வைத்திருக்கப்போகும் மூவரின் பெயரைக் கருவி வருமுன்பே கூட்டக் குறிப்பில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.